ஜெர்மனியில் வேலை போகுது, மனைவி நெதர்லாந்தில்: உதவித்தொகையை அங்கே வாங்க முடியுமா?

நெக்கர்கரை:

வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க. பாதி விவரம் சொன்னா பாதி பதில்தான் கிடைக்கும்.

ஸ்டுட்கார்ட் பக்கத்துல ஒரு கார் உதிரிபாக கம்பெனியில டெஸ்ட் இன்ஜினியரா இருக்கேன். 2021 ஆகஸ்ட்ல ப்ளூ கார்டுல, அதாவது படிச்ச வெளிநாட்டு ஊழியர்களுக்கான வேலை அனுமதியில வந்தேன். இந்திய பாஸ்போர்ட். அன்னையிலேர்ந்து ஒரு மாசம்கூட விடாம வேலையில்லாக் காப்பீட்டுக்கு சம்பளத்துல பிடிச்சிருக்காங்க. டிசம்பர்ல எங்க பிரிவையே மூடப்போறோம்னு சொல்லிட்டாங்க. மார்ச் 31 கடைசி நாள். சொன்ன மறுநாளே வேலை தேடுறவன்னு ஆன்லைன்ல பதிஞ்சுட்டேன்.

மனைவிக்கு ஐந்தோவன்ல வேலை கிடைச்சு நவம்பர் 1ல சேர்ந்துட்டா. கென்னிஸ்மிக்ரான்ட் அனுமதி, அதாவது திறன்மிக்க வெளிநாட்டு ஊழியர்களுக்கானது. பொண்ணும் அவளோடதான் இருக்கா. நாலு வயசு முடிஞ்சதும் அங்க பள்ளிக்கூடத்துல சேர்த்தாச்சு. நான் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வெள்ளிக்கிழமை ரயிலேறி, கொலோன், வென்லோன்னு மாறிப் போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புறேன். போன தடவை கிளம்பும்போது பொண்ணு என் பேக்ல அவளோட ஒரு ஷூவை ஒளிச்சு வெச்சிருந்தா. அப்பா ஷூவைத் திருப்பிக் கொடுக்க வந்துதானே ஆகணும்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கா. அதனால ஏப்ரல் 1க்கு மேல ஒரு நாள்கூட இங்க தனியா இருக்க மனசில்ல.

என் கேள்வி இதுதான். ஜெர்மனியில எனக்கு ஒரு வருஷ உதவித்தொகை வரும்னு நினைக்கிறேன். ஏப்ரல் 1 காலையிலேயே ஐந்தோவன் போயிட்டா அந்தப் பணம் வருமா? இல்ல நெதர்லாந்துலதான் கேட்கணுமா? மனைவியை வெச்சு எனக்குக் குடும்ப அனுமதிக்கு விண்ணப்பிச்சிருக்கோம், இன்னும் வரல. இன்னொன்னு. நோட்டீஸ் கொடுக்கறதுக்குப் பதிலா பரஸ்பர சம்மத ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டா நாலு மாச சம்பளம் கூடுதலா தர்றோம்னு எச்.ஆர். சொல்றாங்க. போடலாமா?

மாஸ் நதி:

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள எல்லாம் ஒண்ணுதாங்க. அங்க யூ1னு ஒரு படிவம் வாங்கிட்டு வந்து இங்க நெதர்லாந்துல வேலையில்லா உதவித்தொகை கொடுக்கிற யூ.டபிள்யூ.வி. அலுவலகத்துல கொடுத்தா ஜெர்மனி வருஷங்களையும் சேர்த்துப் பணம் கொடுத்துடுவாங்க. என் நண்பர் அப்படித்தான் வாங்கினார்.

இசார் கரையிலிருந்து:

மாஸ் நதி சொல்றது ஒரு சூழ்நிலைக்குச் சரி, நெக்கர்கரைக்கு அது பொருந்தாது. இதை நம்பி மூட்டையைக் கட்டிட்டா ரெண்டு நாட்டுலயும் பணமில்லாம நிக்கணும். அதனால விளக்கமா எழுதுறேன். நான் 2019ல இதே பாதையில எதிர்த்திசையில போனவ. ஐந்தோவன்ல வேலை போச்சு, கணவர் முனிக்ல இருந்தார்.

யூ1, யூ2ன்னு ரெண்டு படிவம் இருக்கு, முதல்ல ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கணும். யூ1ங்கறது நீங்க இத்தனை மாசம் காப்பீடு கட்டினீங்கங்கற சான்று, அவ்வளவுதான். புது நாட்டுல வேலை பார்த்து, அங்கேயும் வேலை போனா, பழைய நாட்டு மாசங்களையும் கணக்குல சேர்க்க அது உதவும். கடைசியா எந்த நாட்டுல காப்பீட்டுல இருந்தீங்களோ அந்த நாடுதான் பணம் கொடுக்கும்ங்கறதுதான் ஐரோப்பிய ஒன்றியத்தோட 883/2004 ஒழுங்குமுறையோட அடிப்படை. மாஸ் நதியோட நண்பர் நெதர்லாந்து வந்து கொஞ்ச நாளாவது வேலை பார்த்திருப்பார், அதனாலதான் கிடைச்சிருக்கும். நெதர்லாந்துல ஒரு நாள்கூட வேலை பார்க்காத ஒருத்தர் யூ1 மட்டும் கொண்டுபோனா அங்க உரிமை பிறக்காது.

உங்களுக்கு வேண்டியது யூ2. ஜெர்மன் பணத்தை ஜெர்மனியே உங்க கணக்குல போடும், நீங்க நெதர்லாந்துல இருந்து வேலை தேடலாம். காலம் மூணு மாசம். கொடுக்கிற நாடு விரும்பினா ஆறு மாசம் வரைக்கும் நீட்டலாம், ஆனா நீட்டியே ஆகணும்னு கட்டாயம் இல்ல. 2018ல லக்சம்பர்க்ல இருக்கிற ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமே அதைத் தெளிவா சொல்லிடுச்சு. அந்த வழக்கு நெதர்லாந்து உதவித்தொகையைப் பத்தினது. அதனால மூணு மாசம்னு வெச்சே திட்டம் போடுங்க.

வரிசைதான் இதுல உயிர்நாடி. ஏப்ரல் 1 நீங்க ஜெர்மனியில வேலையில்லாதவரா அகெண்டூர்ல, அதாவது அங்கத்த வேலைவாய்ப்பு அலுவலகத்துல பதியணும். சட்டப்படி பதிஞ்ச பிறகு நாலு வாரம் அவங்க கூப்பிட்டா வர்ற நிலையில இருக்கணும், அதுக்கப்புறம்தான் கிளம்பலாம். இந்த இடத்துல உங்களுக்கு ஒரு வழி இருக்கு, பலருக்கும் தெரியாது. நாலு வாரத்துக்கு முன்னாடியே விடற அதிகாரம் அந்த அலுவலகத்துக்கு உண்டு. வேற நாட்டுல வேலை பார்க்கிற கணவனோ மனைவியோ கூடப் போறவங்களுக்கு அந்த அனுமதியைக் கொடுக்கணும்னு 2009 ஜூன்ல ஒரு பரிந்துரையே இருக்கு. அதுக்கும் பேர் யூ2 பரிந்துரைதான், படிவத்தோட குழப்பிக்காதீங்க. மனைவியோட வேலை ஒப்பந்தம், திருமணச் சான்று, பொண்ணோட பள்ளிச் சேர்க்கைக் கடிதம் எல்லாத்தையும் இணைச்சு எழுத்துல கேளுங்க. வாயால கேட்டா வாயாலதான் பதில் வரும்.

அடுத்தது ஏழு நாள். நீங்க கிளம்பின தேதியிலேர்ந்து ஏழு நாளைக்குள்ள போற நாட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்துல பதியணும். இதுல நான் பட்டதைச் சொல்றேன். என் யூ2ல கிளம்பும் தேதி செப்டம்பர் 2. முனிக் போய் இறங்கின அன்னைக்கு ராத்திரியே பையனுக்குக் காய்ச்சல். வீட்டுச் சாவி வாங்க மூணு நாள் அலைஞ்சோம். அட்டைப்பெட்டியில எந்தப் பெட்டியில ஃபைல் இருக்குன்னு தெரியல. நான் பதியப் போனது 12ஆம் தேதி. ஏழு நாளைக்குள்ள போயிருந்தா 2ஆம் தேதியிலேர்ந்தே பணம் வந்திருக்கும். தாமதமானதால 12லேர்ந்துதான் வந்தது. ஆனா மூணு மாசக் கணக்கு மட்டும் 2லேயே ஓட ஆரம்பிச்சிடுச்சு. பத்து நாள் பணம் போச்சு. வேலையில்லாத வீட்டுல பத்து நாள் பணம்னா என்னன்னு நான் சொல்லி உங்களுக்குத் தெரியவேண்டியதில்ல. அந்த ஃபைலை முதுகுப்பையில போட்டுக்கிட்டுப் போங்க, லாரியில ஏத்தாதீங்க.

இதையெல்லாம் விட முக்கியமானது உங்க பாஸ்போர்ட். ஐரோப்பியர் அல்லாதவங்களுக்கும் இந்த விதிகள் பொருந்தும்னு 1231/2010 ஒழுங்குமுறை சொல்லுது, 2011 ஜனவரியிலேர்ந்து நடைமுறையில இருக்கு. ஆனா யூ2 விஷயத்துல ஒரு நிபந்தனை உண்டு. போற நாட்டுல வேலை தேடுறவரா பதியவும், சட்டப்படி வேலை பார்க்கவும் உங்களுக்கு உரிமை இருக்கணும். ஜெர்மன் ப்ளூ கார்டு அந்த உரிமையை நெதர்லாந்துல தானா கொடுக்காது. கென்னிஸ்மிக்ரான்டோட துணைக்கு வர்ற அனுமதியில வேலை பார்க்கத் தடையில்லைன்னு போட்டிருக்கும், அது கைக்கு வந்தா போதும். வராம கிளம்பினா ஏழு நாள் கெடு தானா ஓடிடும், பதிய முடியாது. நானும் ஜெர்மன் விசா பாஸ்போர்ட்ல ஒட்டின பிறகுதான் கிளம்பும் தேதியையே சொன்னேன். நீங்களும் அனுமதி வந்த பிறகு தேதி குறிங்க.

எச்.ஆர். சொன்ன அந்த ஒப்பந்தம். இதுக்கு ஒரே வார்த்தைதான், அவசரப்படாதீங்க. நீங்களா சம்மதிச்சு வேலையை விட்டதா கணக்கு வெச்சா ஜெர்மனியில 12 வாரம் வரைக்கும் ஷ்பெர்ட்சைட், அதாவது பணம் நிறுத்தம். 12 மாச உரிமையிலேர்ந்து கால்பங்கு குறையவும் குறையும். எப்படியும் அதே தேதியில நோட்டீஸ் வந்திருக்கும்னு ஒப்பந்தத்துலயே எழுதியிருந்தா சில சமயம் தப்பிக்கலாம், ஆனா அந்த வாசகங்கள் துல்லியமா இருக்கணும். தொழிலாளர் சட்ட வக்கீல்கிட்ட ஒரு மணி நேரம் உட்காருங்க. அந்தச் செலவு வீணாகாது.

பாசல் எல்லை:

நான் பிரான்சில செயின்ட் லூயியில இருக்கிறன். பாசலுக்கு எல்லை தாண்டி வேலைக்குப் போய் வந்தனான். தம்பி, இசார் கரைப் பிள்ளை எல்லாம் வடிவா எழுதிப்போட்டா. ஆனா அதுக்கு முதல் ஒரு கேள்வி இருக்கு, அதை ஒருத்தரும் கேக்கேல்ல. உங்கட வீடு எது?

ஏன் கேக்கிறன் எண்டால், வேலை செய்யிற நாடு ஒண்டு, குடியிருக்கிற நாடு இன்னொண்டு எண்டால் சட்டம் தலைகீழாப் போகும். என்ர கதையைக் கேளுங்கோ. பாசலில ஒரு ஹோட்டல் குசினியில 9 வருசம். மாதம் மாதம் சம்பளத்தில 1.1 வீதம் சுவிஸில வேலையில்லாக் காப்புறுதிக்குக் கழிபட்டது. 2020 மார்ச்சில கொரோனாவால கடைகள் பூட்டினவுடன குர்ட்ஸ்ஆர்பைட். வேலை ஒப்பந்தம் அப்பிடியே இருந்தது, வேலைதான் இல்லை. அந்தக் காசு, இழந்த சம்பளத்தில 80 வீதம், சுவிஸ்தான் தந்தது. ஒக்டோபரில ஹோட்டலை நிரந்தரமா மூடி எங்களை நிப்பாட்டிச்சினம். அண்டைக்கே எல்லாம் மாறிப்போச்சு. முழுசா வேலை போன எல்லைத் தொழிலாளி குடியிருக்கிற நாட்டிலதான் கேக்க வேணும். அதாலை நான் பிரான்சில சோமாஜுக்கு, அதுதான் அங்கத்த வேலையில்லாக் காசுக்குப் பதிஞ்சன். சுவிஸ் சம்பளத்தை வைச்சுத்தான் கணக்குப் பார்த்தவை, ஆனா வீதமும் விதியும் பிரான்சின்ர. எனக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தபடியால்தான் சுவிஸோட இந்த ஏற்பாடு பொருந்தினது. நீங்கள் சொல்லுற 1231 சட்டம் சுவிஸுக்கு இல்லை.

ஒவ்வொரு நாளும், இல்லாட்டி கிழமையில ஒரு தரமாவது வீட்டுக்குத் திரும்பிற ஆள் எல்லைத் தொழிலாளி. உங்கட மனுசியும் பிள்ளையும் ஐந்தோவனில. நீங்கள் கிழமைக்குக் கிழமை போய் வாறனீங்கள் எண்டால், உன்ர வீடு நெதர்லாந்து, அங்க போய்க் கேள் எண்டு அகெண்டூரில சொல்ல இடமிருக்கு. அதை முதலே தெரிஞ்சு வைச்சிருங்கோ. பேந்து ரெண்டு கந்தோருக்கும் நடுவில நிண்டு அந்தரிக்கக் கூடாது.

இன்னொண்டு. எனக்கு சுவிஸ் யூ1 வர ஏழு கிழமை எடுத்தது. முதலாளி நிரப்பித் தர வேண்டிய கடதாசி ஒண்டு இருக்கு. ஹோட்டல் பூட்டின பிறகு அந்த மனுசனை எங்க தேடுறது? ஒரு பழைய கணக்காளர் அக்காவின்ர நம்பர் இருந்தபடியால் தப்பினன். அந்த ஏழு கிழமையும் என்ர தங்கச்சியின்ர காசில சீவிச்சம். வேலை இருக்கேக்கையே கடதாசியளை வாங்கி வையுங்கோ, தம்பி.

தேம்ஸ் தெற்கு:

சம்பந்தமில்லாத நாடுதான், இருந்தாலும் சொல்லிடறேன். இதைப் படிச்சுட்டு யாராவது லண்டன் கிளம்பிடக் கூடாது. பிரெக்ஸிட்டுக்கு அப்புறம், 2021லேர்ந்து பிரிட்டனுக்கு யூ2 வழி கிடையாது. புது ஒப்பந்தத்துல காப்பீட்டு மாசங்களைச் சேர்த்துக்கறது இருக்கு, உதவித்தொகையைத் தூக்கிக்கிட்டு வர்றது இல்ல. 2020 முடியறதுக்குள்ள எல்லை தாண்டி வாழ ஆரம்பிச்சவங்க கதை வேற, அவங்களுக்கு விலகல் ஒப்பந்தம் பொருந்தும்.

நெக்கர்கரை:

பாசல் அக்கா, உங்க கேள்வியைப் படிச்சுட்டு ராத்திரி தூங்கல. அலுவலகத்துல எங்கயும் என் குடும்பம் நெதர்லாந்துல இருக்குன்னு நான் சொல்லவே இல்ல. மறைக்கணும்னு இல்ல, யாரும் கேட்கல. ஸ்டுட்கார்ட் வீட்டு வாடகை ஒப்பந்தம் என் பேர்ல. இங்கதான் பதிவு, இங்கதான் வரி. ஐந்தோவன் போறது மாசத்துக்கு ரெண்டு தடவை, ரயில் டிக்கெட் எல்லாம் இருக்கு. அங்க எனக்கு இன்னும் அனுமதியே இல்லாததால 180 நாள்ல 90 நாள் கணக்கைத் தாண்டாமப் பார்த்துக்கறேன். இப்ப நான் எந்த நாட்டு ஆள்?

இன்னொரு பக்கம், நெதர்லாந்துல கொடுத்தா முதல் ரெண்டு மாசம் சம்பளத்துல 75 சதவீதம், அப்புறம் 70னு படிச்சேன். ஜெர்மனியில குழந்தை இருந்தா நிகரச் சம்பளத்துல 67. எது நல்லதோ அதைத் தேர்ந்தெடுக்க முடியுமா?

இசார் கரையிலிருந்து:

பாசல் அக்கா கேட்டது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நன்றி அக்கா.

சதவீதத்தைப் பார்த்து நாட்டைத் தேர்ந்தெடுக்கிற விஷயம் இல்ல இது. முதல்ல குடியிருப்பு எதுன்னு முடிவாகணும். அதை நீங்க சொல்றதாலயோ நான் சொல்றதாலயோ முடிவு பண்ண மாட்டாங்க. 987/2009 நடைமுறை ஒழுங்குமுறையில 11ஆவது பிரிவுல எதையெல்லாம் பார்க்கணும்னு இருக்கு. எவ்வளவு காலமா எங்க இருக்கீங்க, வேலை எப்படிப்பட்டது, குடும்பம் எங்க, வீடு எவ்வளவு நிரந்தரமானது, வரிக்கு எந்த நாட்டு ஆள், இதெல்லாம். ரெண்டு நாட்டு அலுவலகங்களுக்கும் கருத்து வேறுபட்டா பேசி முடிவெடுக்கணும்.

உங்க விவரத்தை வெச்சுப் பார்த்தா ஜெர்மனி பக்கம்தான் தராசு தாழுது. நாலு வருஷத்துக்கு மேல அங்க, வீடு அங்க, வரி அங்க. குடும்பம் போய் சில மாசம்தான் ஆச்சு. நெதர்லாந்துல குடியிருக்க உங்களுக்கு இன்னும் அனுமதிகூட இல்ல. ஆனா குடும்பம் அங்க இருக்குங்கறது கனமான விஷயம், அதை லேசா எடுத்துக்காதீங்க. வாரா வாரம் போற எல்லைத் தொழிலாளிக்கு மட்டும்தான் அந்த வழின்னும் நினைக்காதீங்க. அதை விடக் குறைவா போறவங்களுக்கும், வேற நாட்டுல குடியிருக்கிறவங்கன்னு முடிவானா, அந்த நாட்டுல கேட்கிற வழி உண்டு.

அதனால அகெண்டூர்ல முதல் சந்திப்புலயே முழுசா சொல்லிடுங்க. மனைவிக்கு நவம்பர்லேர்ந்து ஐந்தோவன்ல வேலை, நான் மாசம் ரெண்டு தடவை போறேன், இதோ டிக்கெட், இதோ வாடகை ஒப்பந்தம். எப்படியும் யூ2 கேட்கும்போது மனைவியோட வேலை ஒப்பந்தத்தைத்தானே காட்டப்போறீங்க? அன்னைக்குத் தெரியறதை விட முதல் நாளே தெரியட்டும். பின்னால தெரிஞ்சா கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பாங்க. ஒருவேளை நெதர்லாந்துன்னே முடிவானாலும் கலங்க வேண்டாம். அப்ப உங்க ஜெர்மன் சம்பளத்தை வெச்சே அங்க கணக்குப் பார்ப்பாங்க, மூணு மாசக் கெடுவும் கிடையாது. அதுக்கும் அந்த அனுமதி கையில இருக்கணும், எல்லா வழியும் அதுலதான் வந்து முட்டுது. ஐந்தோவன்ல மனைவியோட கம்பெனி விண்ணப்பத்தைத் துரிதப்படுத்த முடியுமான்னு இந்த வாரமே கேட்கச் சொல்லுங்க.

மார்ச் முடியறதுக்குள்ள எச்.ஆர்.கிட்ட ஐரோப்பிய ஒன்றியத்துக்கான வேலைச் சான்றையும் நிரப்பி வாங்கிடுங்க. அதை வெச்சுதான் அகெண்டூர் யூ1 கொடுக்கும். இப்ப யூ2ல போனாலும் யூ1 பின்னால வேண்டியிருக்கும். நெதர்லாந்துல வேலை கிடைச்சு, கெட்ட நேரம் அதுவும் போச்சுன்னா, அங்க 36 வாரத்துல 26 வாரம் வேலை பார்த்திருக்கணும்ங்கற நிபந்தனையை ஜெர்மன் மாசங்களைச் சேர்த்துக் காட்டலாம்.

திரும்பற தேதியையும் நாள்காட்டியில குறிச்சுக்கோங்க. மூணு மாசம் முடியறதுக்குள்ள வேலை கிடைக்கலைன்னா, ஒண்ணு நீட்டிப்பைக் கெடுவுக்கு முன்னாடியே எழுதிக் கேட்கணும், இல்ல ஜெர்மனிக்குத் திரும்பணும். தேதி தாண்டித் திரும்பினா மீதி உரிமையே போயிடும்னுதான் ஒழுங்குமுறை சொல்லுது, கொடுக்கிற நாட்டோட சொந்தச் சட்டம் தாராளமா இருந்தாதான் தப்பிக்க முடியும். எனக்கு டிசம்பர் 1 கெடு. நவம்பர் மூணாவது வாரம் வேலை கிடைச்சுது. அந்த மூணு வாரமும் கணவரும் நானும் தினமும் சாப்பாட்டு மேசையில இதே பேச்சுதான்: பையனை விட்டுட்டு நான் மட்டும் ஐந்தோவன் திரும்பறதா, பணத்தை விட்டுடறதா? அந்தப் பேச்சை நீங்க ஏப்ரல்லயே பேசி வெச்சுக்கோங்க.

லிம்ஃபியோர்டு:

டென்மார்க்ல இருக்கிறவங்க இந்த இழையை அப்படியே பின்பற்றாதீங்க. இங்க வேலையில்லாக் காப்பீடு அ-காசேங்கற சங்கத்துல நாமா சேர்ந்து மாசச் சந்தா கட்டினாதான். சம்பளத்துல தானா பிடிக்க மாட்டாங்க. 1231/2010 டென்மார்க்கைக் கட்டுப்படுத்தாது, அதனால இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரங்க தனியா விசாரிக்கணும்.

நெக்கர்கரை:

எல்லாருக்கும் நன்றி. அடுத்த வியாழக்கிழமை அகெண்டூர்ல சந்திப்பு கிடைச்சிருக்கு, குடும்ப விவரம் எல்லாத்தையும் எழுதி ஒரு பக்கக் கடிதமா கொண்டுபோறேன். ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடல. வக்கீலைப் பார்த்துட்டு சொல்றேன்னு எச்.ஆர்.கிட்ட சொல்லிட்டேன். வேலைச் சான்றையும் கேட்டாச்சு. மருத்துவக் காப்பீடு மூணு மாசம் எப்படின்னு மட்டும் யாராவது சொல்ல முடியுமா?

இசார் கரையிலிருந்து:

ஜெர்மன் உதவித்தொகை வர்ற வரைக்கும் ஜெர்மன் காப்பீடு தொடரும். ஐரோப்பிய மருத்துவ அட்டை செல்லுபடியாகுதான்னு பாருங்க, காப்பீட்டு நிறுவனத்துக்கு யூ2 நகலை அனுப்பி எழுத்துல உறுதி வாங்கிக்கோங்க. எந்த அலுவலகமாவது ஐரோப்பிய விதியைத் தப்பா பிடிச்சுக்கிட்டு நின்னா சால்விட்னு ஒரு இலவச சேவை எல்லா நாட்டுலயும் இருக்கு, அவங்ககிட்ட எழுதலாம். வியாழக்கிழமை என்ன சொன்னாங்கன்னு இங்க வந்து எழுதுங்க.

பாசல் எல்லை:

போகேக்கை பிள்ளையின்ர பள்ளிக்கூடக் கடிதத்தை மறந்திடாதேங்கோ தம்பி. அந்தச் சப்பாத்தும் கவனம்.